பிலிம் சுருளை விட்டுவிடலாமா?

ஓய்வு நேரம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்க நூலகத்திற்கு நாளிதழ் படிக்க வந்த அன்பர் ஒருவர், படித்து முடித்ததும் தம் தோள்பையிலிருந்து ஒரு காமிராவை எடுத்து மேசைமீது வைத்தார். நிக்கான் எஃப்.எம்.10 என்னும் பிலிம் காமிரா. பிடிக்குமிடத்தில் மேலுறை ஒரு மூலையில் சற்று உரிந்திருந்தது. மற்றபடி புதுக் கருக்கு அழியாதது.

“சார், இதை விற்றுவிடலாம் என்கிறான் பையன். எஸ்பிளனேடில் மெட்ரோ சந்தில் விசாரித்துப் பார்த்தானாம். இப்போது பழைய காமிராவுக்கு நல்ல கிராக்கியாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றார்.

விற்பதும் விற்காததும் அவர் விருப்பம். இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணினேன். மேலும் பேசிய பிறகே அவருடைய கவலை விளங்கிற்று. வருகிற தை மாதத்தில் கும்பகோணத்தில் அவர் தகப்பனாருக்குச் சதாபிஷேகம். கல்கத்தாவிலிருந்தும், புனேயிலிருந்தும், தில்லியிலிருந்தும் மக்களும் பேரப்பிள்ளைகளும் வந்து கூடுகிறார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அதே தகப்பனாரின் அறுபதாம் ஆண்டு நிறைவின்போது இவர்தான் இதே காமிராவில் நான்கு சுருள் படம் எடுத்தவர். அந்த ஆல்பம் இன்றும் கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் இருக்கிறதாம். ஆனால் அதில் ஒரு படம் இல்லை. தாய் தந்தையர் இருவரையும் மணையில் அமர்த்தி, தலைக்குமேல் சல்லடை பிடித்துக் கலசநீர் வார்க்கும் நேரத்தில், காமிராவில் முப்பத்தாறாவது படம் முடிந்துபோயிற்று. சுருளைப் பின்னுக்குச் சுற்றி, மூடியைத் திறந்து, புதுச் சுருளைப் பொருத்தி நிமிர்வதற்குள் உறவினர் எல்லோரும் வார்த்து முடித்து, பெரியவர்கள் ஈரத் துணி மாற்ற எழுந்து போய்விட்டார்கள்.

“இந்தத் தடவையும் அப்படி ஆகிவிடக் கூடாது சார். ஆனால் டிஜிட்டலில் எடுத்தால் ஆல்பம் என்று ஒன்று வருமா? பையன் நாலாயிரம் படம் எடுக்கிறான்; ஒன்றைக்கூட நான் கையில் வைத்துப் பார்த்ததில்லை.”

இரண்டு பக்கமும் நியாயமுள்ள கேள்வி. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் மட்டுமே இத்தகைய காமிரா இன்னும் எத்தனை அலமாரிகளில் உறங்குகிறதோ! ஆகவே அவருக்கு மட்டும் விடை சொல்வதைவிட இப்பகுதியில் எழுதுவதே நலம் என்று தோன்றியது.

டிஜிட்டல் காமிரா நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துக் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர் 1975-ஆம் ஆண்டிலேயே ஒன்றைச் செய்து காட்டினார். எடை ஏறத்தாழ 3.6 கிலோ, நூறுக்கு நூறாகப் பத்தாயிரம் புள்ளிகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படம், அதைச் சாதாரண ஒலிநாடாவில் பதிய 23 விநாடி. பிலிம் விற்றே வாழ்ந்த நிறுவனம் தன் வீட்டிலேயே பிறந்த இக்குழந்தையை நெடுநாள் வாசலுக்குக் கொண்டுவரத் தயங்கிற்று. முடிவில் 2012 ஜனவரியில் அந்நிறுவனமே கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தை நாட நேர்ந்தது.

நம் நாட்டிலும் கதை வேறல்ல. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ சுருள்களை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். ஆக்ஃபா கிளிக் மூன்று காமிராவில் ‘இந்து’ சுருளைப் போட்டுப் பன்னிரண்டே பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுத்துவிட்டுப் பதின்மூன்றாவதற்கு ஏங்கிய பிள்ளைகளுள் நானும் ஒருவன். அந்தத் தொழிற்சாலை 1996-இல் நலிவுற்றது என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் மூடப்பட்டுவிட்டது. இந்நகரத்தில் சுரேந்திரநாத் பானர்ஜி சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இருந்துவந்த போர்ன் அண்டு ஷெப்பர்டு ஸ்டூடியோ, 1991-இல் நேர்ந்த தீவிபத்தில் பழைய படங்களில் பெரும்பகுதியை இழந்தும் தாக்குப்பிடித்தது, 2016-இல் கதவடைத்தது.

இவற்றைச் சொல்வதால் பிலிம் மடிந்துவிட்டது என்று பொருளன்று. 2012-இல் நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம் என்னும் சுருளைக் கோடாக் 2018-இல் மறுபடி வெளியிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் தாத்தாவின் காமிராவைத் தேடி எடுக்கிறார்கள். மெட்ரோ சந்தில் கிராக்கி என்று பையன் சொன்னது பொய்யன்று. ஆனால் தெருவுக்குத் தெரு இருந்த கழுவும் நிலையங்கள் போய்விட்டன. இன்று இவ்வளவு பெரிய நகரத்தில் வண்ணச் சுருளைக் கழுவுபவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. வண்ணச் சுருளை 38 பாகை வெப்பத்தில், கால் பாகைகூடப் பிசகாத மருந்து நீரில், முதல் தொட்டியில் மூன்றேகால் நிமிடம் வைத்தெடுக்க வேண்டும். நாளொன்றுக்கு நூறு சுருள் வந்த காலத்தில் அந்த மருந்து புதிதாகவே இருந்தது. வாரத்துக்கு ஐந்து சுருள் வரும் கடையில் அது எத்தனை நாள் பழையது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

செலவைப் பார்ப்போம். நான் கடைசியாக வாங்கிய வண்ணச் சுருளுக்கு 900 ரூபாய் கொடுத்தேன். கழுவிக் கணிப்பொறியில் ஏற்றித் தருவதற்கு 500 ரூபாய். ஆக 1,400 ரூபாய்க்கு முப்பத்தாறு படம். படம் ஒன்றுக்கு 39 ரூபாய், அதுவும் தாளில் அச்சிடாமலே. நம் அன்பர் ஆண்டுக்கு ஆறு சுருள் எடுப்பவர். அவருக்கு ஆண்டுச் செலவு 8,400 ரூபாய். ஐம்பதினாயிரம் ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கினால் அந்தப் பணத்தை மீட்க அவருக்கு ஏறத்தாழ ஆறாண்டு ஆகும். அதற்குள் பையன் அதைப் பழசு என்று சொல்லத் தொடங்கிவிடுவான். நிறையப் படம் எடுப்பவருக்கு டிஜிட்டல் சிக்கனம். நிதானமாக எடுப்பவருக்குப் பணக்கணக்கு ஒன்றையும் முடிவு செய்துவிடாது. பணத்தைச் சொல்லித் தகப்பனாரை மடக்கப் பார்க்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கவும்.

பழைய லென்சுகள் வீணாகுமே என்று சிலர் தயங்குவர். நிக்கான் நிறுவனத்தார் 1959 முதல் வைத்திருக்கும் அதே பூட்டு அமைப்புத்தான் அவர்களுடைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்களிலும் இருக்கிறது. எஃப்.எம்.10-இன் ஐம்பது மில்லிமீட்டர் லென்சை அதில் மாட்டலாம். ஆனால் விலை குறைந்த உடல்களில் அது மாட்டிக்கொள்ளுமேயன்றி ஒளியளவு காட்டாது. உள்ளே உள்ள சில்லு பிலிம் சட்டத்தைவிடச் சிறியதாகையால் ஐம்பது மில்லிமீட்டர் எழுபத்தைந்து போல் நடந்துகொள்ளும். கலியாணக் கூடத்தில் நாலடி பின்னுக்குப் போக வேண்டும். பின்னால் சுவர் இருக்கும்.

இனி, படம் எடுக்கும் முறைக்கு வருவோம். இங்கேதான் பிலிமில் பழகிய கைகள் இடறுகின்றன. வண்ண நெகடிவ் தாராள மனம் படைத்தது. வேண்டிய அளவுக்கு இரண்டு பங்கு, நான்கு பங்கு ஒளியைக் கூடுதலாக விட்டாலும் பொறுத்துக்கொண்டு படத்தைத் தரும். ஒளி குறைந்தால்தான் முகம் சுளிக்கும். ஆகையால் நிழலுக்கு அளந்து எடு என்று நம் காலத்தில் கற்றுக்கொடுத்தார்கள். டிஜிட்டல் நேர்மாறானது. இருண்ட பகுதியைப் பிறகு ஓரளவு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். ஆனால் வெளிச்சம் மிகுந்து வெண்மையாகிப்போன இடத்தில் ஒன்றுமே இருப்பதில்லை, எந்த வித்தையாலும் அதை மீட்க முடியாது. நம் வீட்டு விசேடங்களிலோ வெள்ளை வேட்டி, பட்டுச் சேலையின் சரிகை, விபூதி நெற்றி எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி எறிபவை. பழைய வழக்கப்படி தாராளமாக ஒளி விட்டு எடுத்தால் சரிகைக்கரை வெறும் வெள்ளைக் கோடாக வரும். டிஜிட்டலுக்கு மாறுகிறவர் வெளிச்சத்துக்கு அளந்து எடுக்கப் பழக வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் கை பழகிவிடும்; சதாபிஷேகத்துக்கு முதல்நாள் காமிரா வாங்கினால் பழகாது.

மறுபுறம், மண்டபத்தின் மங்கிய ஒளியில் டிஜிட்டலுக்கு நிகரில்லை. நானூறு வேகச் சுருளைப் போட்டுக்கொண்டு, ஹோமப் புகைக்கு நடுவில் முப்பதில் ஒரு விநாடிக்கு மூச்சையடக்கி நின்றவர்களுக்கு அது தெரியும். டிஜிட்டலில் மூவாயிரத்து இருநூறு வேகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளலாம். சல்லடையிலிருந்து விழும் நீர்த்துளி துளியாகவே படத்தில் நிற்க வேண்டுமானால் அந்த வேகம் வேண்டும். சுருள் தீர்ந்துபோகும் அச்சமும் இல்லை. ஆகவே, தவறவிடக் கூடாத கணம் என்ற அளவில் கேள்விக்கு விடை தெளிவானது: டிஜிட்டல்தான்.

ஆனால் அன்பர் கேட்டது எடுப்பதைப் பற்றி மட்டுமன்று; ஆல்பம் வருமா என்று கேட்டார். அதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் 2007-இல் மாறினேன். 2009-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் என் தாயார் மன்னார்குடியிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களுடன் தங்கியிருந்தார்கள். விக்டோரியா நினைவு மண்டபத் தோட்டத்தில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, அதைப் பற்றிச் சிணுங்கிக்கொண்டே அமர்ந்திருந்தது, எங்கள் வீட்டு வராந்தாவில் என் மகளுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தது, ஹூக்ளிக் கரையில் படகுக்குப் பயந்தது என்று நானூறு படங்களுக்குக் குறையாது எடுத்திருப்பேன். எல்லாவற்றையும் கணிப்பொறியில் ஒரு தட்டில் போட்டு வைத்தேன். அடுத்த ஆண்டு அம்மா காலமானார்கள். அதற்கும் அடுத்த ஆண்டு, ஒரு மழைக்கால மாலையில், அந்தத் தட்டு ‘டக் டக்’ என்று இரண்டு முறை ஒலித்துவிட்டு நின்றுபோயிற்று. திறந்து பார்த்தவர்கள் கைவிரித்தார்கள். வேறு பிரதி எடுத்து வைக்காதது என் குற்றம். பிறரைச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நானூறில் மிஞ்சியவை இரண்டு. மன்னார்குடியில் இருக்கும் என் அக்காவுக்குக் கைப்பேசியில் படம் பார்க்கத் தெரியாதென்று இரண்டை மட்டும் தாளில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பியிருந்தேன். அக்கா அவற்றுள் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டினாள்; மற்றதை அரிசிப் பானைக்குப் பக்கத்து மாடத்தில் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தாள். குல்லாய்ப் படம் அங்கேதான் கிடைத்தது.

பிலிம் ஒன்றும் மாசற்ற தெய்வமன்று. 1991-இல் என் தங்கையின் கலியாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு முழுவதையும் ஆசையாசையாக எடுத்தேன். எண்காட்டியில் முப்பத்தாறு தாண்டி, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று ஓடியபோதுதான் ஐயம் தட்டிற்று. சுருளின் முனை உள்ளே சுற்றியில் பிடிக்கவேயில்லை. நான் வெறுங்காற்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! தங்கை இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள். கல்கத்தாவின் ஈரக்காற்றில் நெகடிவ்மீது பூஞ்சை படரும், பழைய அசிடேட் சுருள்கள் காடி நாற்றம் வீசிச் சுருங்கும், வண்ணம் மங்கும். இருந்தும் 1988 முதல் பிஸ்கட் டப்பாவில் போட்டு, நான் திரும்பிப் பாராமல் விட்டிருந்த நெகடிவ்களில் பெரும்பாலானவை இன்றும் படம் தருகின்றன. நெகடிவ் நம் கவனக்குறைவைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொள்கிறது. டிஜிட்டல் கோப்பு அப்படியன்று. அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவர் புதுத் தட்டுக்கு மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். வீட்டில் அதைச் செய்ய ஆள் உண்டா என்பதே மாறுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. காமிராக் கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார்.

அன்பரின் வீட்டில் ஆள் உண்டு: அந்தப் பையனே. ஆகையால் நான் அவரிடம் சொன்னது இது. டிஜிட்டலுக்கு மாறுங்கள். ஆனால் பையனிடம் வேலையைப் பகிர்ந்து கொடுங்கள். விசேடம் முடிந்து, உறவினர் கலைவதற்குமுன், கும்பகோணத்திலேயே படங்களை மூன்று பிரதியாக்க வேண்டும். ஒன்று கல்கத்தாவுக்கு, ஒன்று புனேக்கு, ஒன்று கும்பகோணத்து வீட்டிலேயே. ஊருக்கு ஒருவராகச் சிதறி வாழ்வதை நாம் குறையாகவே பேசுகிறோம். இந்த ஒரு காரியத்துக்கு அது வசதி. ஒரு வீட்டில் தட்டு பழுதானாலும் வெள்ளம் புகுந்தாலும் மற்ற இரண்டு பிழைக்கும். வாட்ஸப்பில் அனுப்பிவிட்டோமே என்று இருந்துவிடக் கூடாது. அது படத்தைச் சுருக்கிச் சிறிதாக்கியே அனுப்புகிறது. முழு அளவில் போக வேண்டுமானால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்னும் வழியில் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, ஆல்பம். ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் தகப்பனும் மகனும் அமர்ந்து அறுபது படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குமேல் நாள் தள்ளினால் நடக்காது. நான்கு படம் ஒரே மாதிரி இருக்கையில் எதை விடுவது என்ற சண்டை சலித்துப்போகும். நாலுக்கு ஆறு அங்குலத்தில் அச்சிட ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் வைத்துக்கொண்டாலும் 720 ரூபாய்தான். ஒரு பிலிம் சுருளின் விலைக்கும் குறைவு. பின்புறத்தில் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுத வேண்டும். பெரியவர் உடனிருக்கும்போதே கேட்டு எழுதினால், மூன்றாவது வரிசையில் நிற்கும் ஒன்றுவிட்ட அத்தையின் பெயர் தெரியாமற்போகாது.

“அப்படியானால் இதை விற்றுவிடலாமா?” என்று மறுபடியும் காமிராவைத் தொட்டுக் காட்டினார்.

வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். பணக்காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. நாலாயிரம் படம் எடுக்கும் பையன் எதையும் நின்று பார்ப்பதில்லை. முப்பத்தாறே படம் உள்ளவர், மண்டபத்தின் மூலையில் அரைமணி நேரம் காத்திருந்து, அம்மா அப்பாவின் பக்கம் திரும்பிப் புடவைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைக்கும்போது மட்டும் பொத்தானை அழுத்துவார். அறுபதாம் நிறைவு ஆல்பத்தில் அப்படி ஒரு படம் இருப்பதாக அவரே சொன்னாரே! டிஜிட்டலிலும் பொறுமையாக எடுக்கலாம் என்று வாதிடலாம். எடுப்பவரை நான் அதிகம் கண்டதில்லை.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சுருளைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். கையில் கொண்டுபோய், கருவிக்குள் விடாமல் கையாலேயே சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். புதிய சி.டி. சோதனைக் கருவிகள் வைத்துள்ள இடங்களில் ஒரே தடவையில் சுருள் புகைபடிந்ததுபோல் ஆகிவிடும். நம் அன்பர் ஹௌராவிலிருந்து ரயிலில் போகிறவர். அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீட்டிலுள்ள பழைய நெகடிவ்களைத் துடைத்து, உறையிட்டு, டிஜிட்டல் காமிராவைக் கொண்டே பிரதி எடுக்கும் முறையை அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை டப்பாக்களை வெயிலில் காய வைக்காதீர்கள். உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடி வைத்தால் போதும்.

சென்ற ஞாயிறு அன்பர் மீண்டும் வந்தார். பையன் டிஜிட்டல் காமிரா வாங்கிவிட்டானாம். கலசநீர் வார்ப்பது அவன் பொறுப்பு. எஃப்.எம்.10-க்கு ஒரே ஒரு சுருள், அது தகப்பனார் பொறுப்பு. சுருளைப் பொருத்திய பின் இரண்டு தடவை தள்ளிப் பார்க்கும்போது, இடப்பக்கத்துப் பின்சுற்றுக் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி மட்டும் சொல்லியனுப்பினேன்.